பயணத்தின் அளவு தூரமா, நேரமா? – கொங்கு நாட்டு வழிகள் சொல்லும் வரலாறு

 

கோவைப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ முடிந்தபின் இமாம்களிடம் கேட்கப்படும் கேள்விகளுள் இது ஒன்று: "ஹஜ்ரத்! பீளமேட்டில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னையில் இறங்கிவிடுகிறேன். களைப்பும் இல்லை, பசியும் இல்லை. இதுவும் ஒரு ஸஃபரா? நான் ஏன் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழ வேண்டும்? நான்கையும் தொழுதால் நன்மை கூடத்தானே செய்யும்?"

கேட்பவரின் உள்ளத்தில் இறையச்சம் இருக்கிறது. ஆனால் அவர் எண்ணுவது சரிதானா? இதற்கு விடை காண, நம் முன்னோர் பயணத்தை எப்படி அளந்தார்கள் என்பதையும், நாம் வாழும் இந்தக் கொங்கு மண்ணில் வழிகள் எப்படிச் சுருங்கின என்பதையும் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

நாளால் அளந்த காலம்

கோவையிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாகச் சேலம் சென்று போனால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இருப்புப்பாதையிலும் ஏறக்குறைய அதே தூரம்தான். வானில் நேர்கோட்டில் அளந்தால் 400 கிலோமீட்டர் அளவில் வரும். பேருந்தில் எட்டு, ஒன்பது மணி நேரம். 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கு நமக்கு மனப்பாடம். நம் பாட்டனாரின் பாட்டனாரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் மைலையும் சொல்லியிருக்க மாட்டார், மணியையும் சொல்லியிருக்க மாட்டார். "இருபது நாள் வழி" என்றிருப்பார்.

அக்காலத்தில் தூரத்தின் பெயரே நாள்தான். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் மலபார் கரையைக் கடந்த இப்னு பதூதா (ரஹ்) அவர்கள், அக்கடற்கரை நாட்டின் நீளத்தை இரண்டு மாத நடை என்றே பதிவு செய்தார்கள். அரை மைலுக்கு ஒரு மரவீடு, அதில் வழிப்போக்கர் அமரத் திண்ணை என்று அவ்வழியின் வசதிகளையும் வியந்து எழுதினார்கள்.

நம் கொங்குப் பகுதியின் பெருவழிகளும் பழமை வாய்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் சுவரைப் போல் நிற்க, கோவைக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அல்லாஹ் வாசல் திறந்து வைத்திருக்கிறான். மேல்கடலில் இறங்கிய சரக்கு கீழ்நாடு வரவும், கீழ்நாட்டுச் சரக்கு கப்பலேறவும் இதுவே வழி. வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளும், நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட மணிகளும் அந்த வணிகத்தின் சாட்சிகள். சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரப் பாறையொன்றில் 'இராசகேசரிப் பெருவழி' என்ற பெயர் கல்வெட்டாக இன்றும் நிற்கிறது.

கொங்கின் வடகிழக்கு எல்லையில், தருமபுரிப் பக்கம் கிடைத்த பழைய மைல்கற்கள் இன்னும் சுவையானவை. 'அதியமான் பெருவழி' என்று பெயரிட்டு, நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இத்தனை காதம் என்று அவற்றில் பொறித்திருக்கிறார்கள். எழுத்தறியாதவன் என்ன செய்வான்? அவனுக்காகக் கல்லிலேயே குழிகள் வெட்டினார்கள். பெரிய குழி ஒன்று பத்துக் காதம். சிறிய குழி ஒன்று ஒரு காதம். விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம்! தாவளம் என்றால் வணிகக் கூட்டம் சுமையிறக்கித் தங்கும் இடம். அரபியில் 'மர்ஹலா' என்ற சொல்லும் ஏறக்குறைய இதே பொருளைத்தான் தருகிறது. ஒரு நாள் நடந்து, சுமையிறக்கி, மறுநாள் புறப்படும் கட்டம் அது. அரேபியப் பாலைவனத்து ஒட்டகக்காரனும் கொங்கு நாட்டு வண்டிக்காரனும் ஒருவரையொருவர் அறியாமலேயே வழியை ஒரே விதமாக அளந்திருக்கிறார்கள்.

இமாம்கள் வகுத்த அளவு

பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்கு அல்லாஹ் அன்னிஸா அத்தியாயத்தின் 101-ஆம் வசனத்தில் அனுமதி அளிக்கிறான். அவ்வசனத்தில் எதிரிகளின் தீங்கு பற்றிய அச்சமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அச்சம் நீங்கிய பிறகும் சுருக்கலாமா என்ற ஐயம் யஃலா இப்னு உமையா (ரலி) அவர்களுக்கு எழுந்தது. உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டதாகவும், அதனை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டதாகவும், இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அவனது தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்ததாகவும் உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் செய்தி இது.

விமானப் பயணியின் கேள்விக்கு முதல் விடை இங்கேயே இருக்கிறது. அச்சம் போய்விட்டது, இனிச் சலுகை எதற்கு என்று அன்றைக்கே கேட்டாகிவிட்டது. களைப்பு போய்விட்டது, இனிச் சலுகை எதற்கு என்று இன்று நாம் கேட்கிறோம்.

சரி, எவ்வளவு தூரம் போனால் ஒருவர் முஸாஃபிர்? இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகிய இருவரும் நான்கு 'பரீத்' தூரத்தில் தொழுகையைச் சுருக்கினார்கள் என்று புகாரியில் வருகிறது. பரீத் என்பது அஞ்சல் குதிரை மாற்றும் கட்டம். ஒரு பரீதுக்கு நான்கு ஃபர்ஸக். ஒரு ஃபர்ஸகுக்கு மூன்று மைல். ஆக 48 மைல். எண்ணைச் சொன்னால் மக்களுக்குப் பிடிபடாது என்பதாலோ என்னவோ, ஊர்ப் பெயரைச் சொல்லியும் விளக்கினார்கள். மக்காவிலிருந்து அரஃபாவுக்குப் போவதற்குச் சுருக்கலாமா என்று கேட்டபோது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மறுத்து, உஸ்ஃபான், ஜித்தா, தாயிஃப் போன்ற ஊர்களுக்குப் போனால் சுருக்கலாம் என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் முவத்தாவில் இதே மூன்று ஊர்களைக் காட்டி, அந்தத் தூரமே நான்கு பரீத் என்கிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபினர் இந்த மைல் கணக்கை, அதாவது இரண்டு மர்ஹலாவை, அளவாகக் கொண்டார்கள். ஹனஃபீ மத்ஹபின் மூல அளவோ மூன்று நாள் பயணம். ஆனால் யாருடைய மூன்று நாள்? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். உங்களுடைய மூன்று நாளும் அல்ல, என்னுடைய மூன்று நாளும் அல்ல. நடுத்தர வேகத்தில் ஒட்டகமோ கால்நடையாகச் செல்பவரோ, ஓய்வெடுத்து, உண்டு, தொழுது கடக்கும் மூன்று நாள். நாள் என்பது இங்கே கடிகாரம் அன்று, அளவுகோல். துணிக்கடையில் முழம் போடுபவரின் கை நீளமாக இருந்தாலும் அளவுகோல் நீளாதல்லவா? அதுபோலத்தான். நம் நாட்டு ஹனஃபீ உலமாக்களில் பெரும்பாலோர் இதனை 48 ஆங்கில மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்று நிர்ணயித்தார்கள். 92 கிலோமீட்டர் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. பழைய மைலின் நீளத்தைக் கணிப்பதில் வேறுபாடு இருப்பதால் ஷாஃபிஈ உலமாக்களிடமும் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பதிலிருந்து, கேரளத்தில் பரவலாக வழங்கும் 132 கிலோமீட்டர் வரை கணக்குகள் உள்ளன. கோவையில் இரு மத்ஹபினரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் மீது சுமத்தாமல், அவரவர் தம் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை.

இனி, வியப்புக்குரிய இடத்துக்கு வருவோம். வேகமாகப் போனால் என்ன சட்டம் என்பதை விமானம் வந்த பிறகுதான் உலமாக்கள் ஆராய்ந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஹிஜ்ரி 676-இல் (1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய 'மின்ஹாஜ்' கிரந்தத்தில், கடல் பயணமும் தரைப் பயணத்தைப் போன்றதே என்று கூறிவிட்டு, அந்த மைல்களை ஒருவர் ஒரு நாழிகையில் கடந்துவிட்டாலும் அவர் சுருக்கியே தொழுவார் என்று எழுதிவைத்தார்கள். 48 மைலை ஒரு நாழிகையில் கடக்கும் கப்பல் எதனையும் அவர்கள் கண்டதில்லை! ஹனஃபீ மத்ஹபில், ஹிஜ்ரி 1088-இல் (1677) மறைந்த அல்லாமா ஹஸ்கஃபீ (ரஹ்) அவர்கள் 'துர்ருல் முக்தார்' நூலில், மூன்று நாள் வழியை ஒருவர் விரைந்து சென்று இரண்டே நாளில் கடந்தாலும் கஸ்ர் செய்வார் என்கிறார்கள். ஒருவர் மைலால் அளந்தார், மற்றவர் நாளால் அளந்தார். வேகத்தைப் பொறுத்தவரை இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

போத்தனூரில் திறந்த கதவு

இருபது நாள் வழியை முதன்முதலில் சுருக்கியது இரயில். சென்னை இராயபுரத்திலிருந்து 1856-இல் ஓடத் தொடங்கிய இரயில் பாதை, மெல்ல மெல்ல மேற்கே நீண்டு, 1862-இல் போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மலபார்க் கரையின் பேப்பூர்ப் பாதையோடு இணைந்தது. 1766-இல் ஹைதர் அலீ அவர்களின் படை மலபாருக்குச் சென்ற அதே கணவாய் வழி. 1790-இல் திப்பு சுல்தான் (ரஹ்) அவர்கள் மைசூர் மேட்டிலிருந்து கெஜலட்டிக் கணவாய் வழியே சத்தியமங்கலத்தில் இறங்கியபோது இந்தச் சமவெளியில் வேகம் என்பது குதிரையின் வேகம்தான். எழுபது ஆண்டுகளில் எல்லாம் மாறியது. முதலில் வந்த பாதை கோவை நகருக்குள் நுழையவே இல்லை என்பது பலருக்கும் தெரியாது. போத்தனூரோடு விலகிச் சென்றுவிட்டது. 1873-இல் மேட்டுப்பாளையம் பாதை போட்ட பிறகுதான் கோவைக்கு இரயில் நிலையம் வாய்த்தது.

நேரத்தைச் சுருக்கிய அந்தத் தண்டவாளத்தின் மீதுதான், சகோதரர்களே, நாம் மறக்கக்கூடாத ஒரு பயணமும் நிகழ்ந்தது. 1921-இல் மலபாரில் ஆங்கில அரசை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. அதில் பிடிபட்ட மாப்பிள்ளை முஸ்லிம்களைப் பல்லாரிச் சிறைக்குக் கொண்டு செல்லத் திரூரில் இரயிலேற்றினார்கள். அவர்களுடன் சில இந்துக்களும் இருந்தனர். ஏற்றியது பயணிகள் பெட்டியில் அல்ல. காற்றுப் புகாதபடி அடைத்த சரக்குப் பெட்டியில். ஏறத்தாழ நூறு பேர் நெருக்கித் தள்ளப்பட்டுக் கதவு பூட்டப்பட்டது. நவம்பர் மாதத்து மாலையில் புறப்பட்ட வண்டி, நள்ளிரவு கடந்து போத்தனூர் வந்து சேர்ந்தபின் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தார்கள். குற்றுயிராய் இருந்தோரில் பலர் பின்னர் இறக்க, உயிரிழந்தவர் தொகை எழுபதாயிற்று. இறந்தோரின் உடல்கள் திரூருக்கே திருப்பி அனுப்பப்பட்டு, முஸ்லிம்கள் அங்குள்ள பள்ளிவாசல் மையவாடிகளில் அடக்கப்பட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

திரூருக்கும் போத்தனூருக்கும் இடையே ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கால்நடையாக வந்திருந்தால் ஐந்தாறு நாள் வழி. நிழலில் அமர்ந்து, ஆற்றில் நீர் பருகி, உயிரோடு வந்திருப்பார்கள். இரயில் அதனை ஒரே இரவின் சில மணி நேரமாக்கியது. அந்தச் சில மணி நேரம் எழுபது உயிர்களுக்குத் தாங்கவில்லை.

இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபிக்ஹ் கலையில் சட்டத்தின் காரணத்தை 'இல்லத்' என்பார்கள். அதன் பின்னுள்ள நலனை 'ஹிக்மத்' என்பார்கள். கஸ்ரின் ஹிக்மத் பயணியின் சிரமத்தைக் குறைப்பது. ஆனால் அதன் இல்லத் சிரமம் அன்று, பயணமே. ஏன்? சிரமத்தை எவராலும் அளக்க முடியாது. ஒருவருக்கு ஐந்து மணி நேரம் உயிரையே பறிக்கிறது. இன்னொருவர் அதே ஐந்து மணி நேரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் உறங்கிக் கழிக்கிறார். சட்டத்தைச் சிரமத்தின் மீது கட்டியிருந்தால் ஒவ்வொருவரும் தம் களைப்பைத் தராசில் வைத்து, இன்று இரண்டா நான்கா என்று தடுமாற வேண்டியிருக்கும். தூரமோ எல்லோருக்கும் பொது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 1908-இல் உதகை வரை நீண்ட பாதை அது, இன்றும் அவசரப்படுவதில்லை. நேரமே அளவென்றால், அந்த ரயிலில் ஏறிய மேட்டுப்பாளையத்துக்காரர் முஸாஃபிர். விமானத்தில் சென்னை சென்றவர் ஊரில் இருப்பவர் என்றாகிவிடும்! சட்டம் நேர்மாறானது. 48 மைல் கணக்கின்படி முன்னவர் நான்கு தொழுவார். பின்னவர் இரண்டு தொழுவார்.

எந்த வழியாகப் போகிறோமோ அந்த வழியின் தூரமே கணக்கு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கோவைக்கும் உதகைக்கும் வானில் நேர்கோடு போட்டால் ஐம்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். குன்னூர்ச் சாலையில் போனால் 86 கிலோமீட்டர். நாம் பறவையாகப் போவதில்லை, சாலையில்தான் போகிறோம். ஆகவே 77 கிலோமீட்டர் கணக்கைப் பின்பற்றும் ஹனஃபீ சகோதரர் உதகையில் முஸாஃபிர் ஆவார். ஈரோட்டுக்குச் சென்றவரும் அப்படியே. தூரம் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பாலக்காடும் திருப்பூரும் பொள்ளாச்சியும் அந்த எல்லைக்குள் வாரா. ஒரே ஊருக்கு இரண்டு வழி இருந்து, ஒன்று நெடியது, ஒன்று குறுகியது என்றால், நெடிய வழியில் சென்றவர் கஸ்ர் செய்வார் என்பது ஹனஃபீ சட்டம். சுருக்கித் தொழும் நோக்கத்துக்காகவே சுற்றிப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை என்று ஷாஃபிஈ இமாம்கள் வலுவான கருத்தாகக் கூறுகிறார்கள்.

நான்கையும் தொழுதால் நன்மை கூடாதா என்ற கேள்வி மீதமிருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் முஸாஃபிருக்கு கஸ்ர் வாஜிபு. தனித்துத் தொழுகையில் வேண்டுமென்றே நான்காக்குவது குற்றமாகும். உள்ளூர் இமாமின் பின்னே நின்றால் மட்டும் அவரைத் தொடர்ந்து நான்கு தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டுக்கும் இடமுண்டு. எனவே, "எனக்குக் களைப்பில்லை" என்று ஒரு ஹனஃபீ கூட்டித் தொழுவது பேணுதல் ஆகாது. கொடுத்தவன் முகத்துக்கு எதிரே தர்மத்தைத் திருப்பித் தருவது போன்றது அது. உண்மையில் நம்மவர்களுக்கு விமானத்தால் இழப்பில்லை. இரவுப் பேருந்தால்தான் இழப்பு. கோவையில் இரவு பத்து மணிக்கு ஏறுகிறவர் சென்னையை நெருங்கும் வேளையில் சுப்ஹு வந்து, போயும் விடுகிறது. சுப்ஹில் கஸ்ரும் இல்லை, வேறு தொழுகையோடு சேர்ப்பதும் இல்லை. ஓட்டுநரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பத்து நிமிடம் நிறுத்துபவர்கள் பலர் உண்டு. நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

ஊர் எங்கே முடிகிறது?

இன்னொரு செய்தி. கஸ்ர் வீட்டு வாசலில் தொடங்குவதில்லை, ஊரின் கட்டடங்களைக் கடந்த பிறகே தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் லுஹரை நான்காகத் தொழுது, துல்ஹுலைஃபாவில் அஸரை இரண்டாகத் தொழுததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்று துல்ஹுலைஃபா ஊருக்கு வெளியே இருந்த இடம். இன்று மதீனா நகரம் அதுவரை பரவிவிட்டது.

கோவைக்கும் அதே நிலைதான். 1940-இல் பீளமேட்டில் விமானத் தளம் திறக்கப்பட்டபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. 1981-இல் கோவை மாநகராட்சியாயிற்று. 2011-இல் அதன் எல்லை மேலும் விரிந்தது. சட்டத்தில் கணக்கு மாநகராட்சி எல்லைப் பலகை அன்று; இடைவெளியின்றித் தொடர்ந்து நிற்கும் வீடுகளும் கட்டடங்களுமே. உக்கடத்திலிருந்து அவினாசிச் சாலை வழியே விமான நிலையம் வரை அந்தத் தொடர் இன்று அறுபடவில்லை. ஆகவே கோவைவாசி விமான நிலையக் கூடத்தில் லுஹர் தொழுதால் நான்கு. மீனம்பாக்கத்தில் இறங்கி அஸர் தொழுதால் இரண்டு. பாட்டனாருக்கு இருபது நாள் இடைவெளியில் நிகழ்ந்த மாற்றம் பேரனுக்கு ஒரே பிற்பகலில் நிகழ்கிறது.

திரும்பும்போதும் இதே எல்லைதான். அலீ (ரலி) அவர்கள் கூஃபாவை விட்டுப் புறப்பட்டபோது, வீடுகள் கண்ணில் தெரியும் தொலைவிலேயே சுருக்கித் தொழுதார்கள். திரும்பி வரும்போது, "இதோ கூஃபா தெரிகிறதே" என்று உடனிருந்தோர் சொன்னார்கள். ஊருக்குள் நுழையும் வரை இல்லை என்று அலீ (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பயணம் வேதனையின் ஒரு பகுதி, காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அவ்விதம் விரைந்து திரும்பும் கோவைவாசி, விமானத்தின் சாளரம் வழியே ஊரின் விளக்குகளைக் காணும்போது இன்னும் முஸாஃபிர்தான். சக்கரம் பீளமேட்டு ஓடுபாதையைத் தொட்ட பிறகு அவர் தொழும் இஷா நான்கு ரக்அத்.